மலை மேலே கரும்புகை ஏன்?

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் கரும்புகை கக்கினால், இன்ஜின் தேய்ந்துவிட்டதென்று பிஸ்டன் ரிங் வாங்கக் கிளம்புவது அவசரம். முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை. அங்குள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளையோ மாறாத அளவு கொண்டது. காற்று மெலியும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. மிஞ்சியது அரைகுறையாக எரிந்து கரியாகிறது. அடைத்துப்போன ஏர் ஃபில்டர் இதை இன்னும் மோசமாக்கும். (மலிவான பாகம்தான்; ஆனால் கடைசியில்தான் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள்.)

டீசல் வண்டிக்குக் கார்புரேட்டரே இல்லையே என்று கேட்கலாம். அதன் பழைய பம்ப்பும் உயரத்தை அறியாது. கீழே ஊற்றிய அதே அளவு டீசலை மேலேயும் ஊற்றும். அப்படியானால் தேய்மானம் என்பதே பொய்யா? இல்லை. அதன் அடையாளம் வேறு: நீலப்புகை, குறையும் இன்ஜின் ஆயில், கம்ப்ரஷன் சோதனையில் விழும் அழுத்தம். இவை தெரியாதவரை இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஃபில்டரை மாற்றுங்கள், பெட்ரோல் வண்டியானால் சற்றுச் சிறிய ஜெட் போடுங்கள். மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கி அங்கேயே ஓட்டுவதானால் பழைய ஜெட்டைத் திரும்பப் பொருத்துங்கள். பெட்ரோல் குறைந்த கலவை வால்வுகளைச் சுட்டுவிடும்.