ஆடுகளத்தில் ஒரு வழிநூல்

நன்னூல் பயின்றோர் முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டை அறிவர். முன்னோர் கண்ட முடிவைத் தழுவிக்கொண்டு, தனக்கு வேண்டிய வேறுபாடும் கூறி, மரபு கெடாது நிற்பது வழிநூல். இவ்விலக்கணம் கோல்ப் எனும் குழிப்பந்தாட்டக் களங்களை அமைக்கும் கலைக்கும் பொருந்துவது வியப்பன்றோ?

ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் களத்திலே 'ரெடான்' என்றொரு குழி உண்டு. அதனைச் சூழ்ந்த புல்தரை, வலப்புற முன்பகுதியில் உயர்ந்து இடப்புறப் பின்பகுதியை நோக்கிச் சரிகிறது. இடப்புற முன்பகுதியை ஆழ்ந்த மணற்பள்ளம் காக்கிறது. குழியையே குறிவைத்து அடிப்பவனின் பந்து பள்ளத்தில் வீழக்கூடும். நிலத்தின் சாய்வை அறிந்தவனோ வலப்புறத்தே பந்தை இறக்குவான். அது தானே உருண்டு குழியை அணுகும்.

சார்லஸ் பிளேர் மக்டொனால்டு (1855–1939) என்பார் அமெரிக்காவிலிருந்து 1872ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்குக் கல்வி கற்கச் சென்று, இவ்வாட்டத்தையும் பயின்றார். பின்னர்ப் பழங்களங்களின் சிறந்த குழிகளை ஆராய்ந்து, நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் 'நேஷனல்' களத்தை அமைத்தார். அது 1911இல் முறையாகத் திறக்கப்பட்டது. ரெடானும் அங்கே இடம்பெற்றது. எனவே, அக்களம் ஒரு வழிநூல் எனலாம்.

அவ்வழிநூலே பிற்காலத்தார்க்கு முதனூலாயிற்று. 2010இல் ஆரிகன் மாநிலக் கடற்கரையில் டாம் டோக், ஜிம் உர்பினா ஆகிய இருவரும் அமைத்த களத்திற்கு 'ஓல்டு மக்டொனால்டு' என்றே பெயர். அவர்கள் பழைய குழிகளை அளந்து படியெடுக்கவில்லை. "இந்த மணல்மேட்டையும் இந்தக் கடற்காற்றையும் கண்டிருந்தால் மக்டொனால்டு என்ன செய்திருப்பார்?" என்று சிந்தித்தனர். அக்களத்தின் 12ஆம் குழி ரெடானே; ஆயினும் அது ஆரிகன் நிலத்திற்கேற்ற ரெடான்.

2023இல் விஸ்கான்சின் மாநிலத்தில் திறக்கப்பட்ட 'லிடோ' களம் வேறு வகையினது. லாங் தீவில் மக்டொனால்டு அமைத்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அழிந்துபோன களத்தைப் பழைய நிழற்படங்களின் துணையால் டோக் மீண்டும் உருவாக்கினார். இது வழிநூலன்று, சிதைந்த சுவடியை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பணியை ஒத்தது. இங்கே சொந்தக் கருத்தைப் புகுத்துதல் குற்றம்; அங்கே சொந்தக் கருத்தே இல்லாமை குற்றம்.

முன்னோரைப் போற்றுதல் புதுமையின்மைக்குச் சாக்காகாதா எனச் சிலர் வினவலாம். மணற்பள்ளத்தின் வடிவை மட்டும் படியெடுத்தால் அவ்வாறே ஆகும். நேரே அடிப்பதா, சாய்வை நம்புவதா என்று ரெடான் எழுப்பும் வினா புதிய நிலத்திலும் ஆடுபவனைத் தயங்கவைக்குமாயின், மரபு அங்கே உயிருடன் இருக்கிறது.