நீரைப் பார்த்து நிறம் கட்டுவோம்



போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் எம்மில் பலருக்குக் குளத்து மீன் வெறும் கறியல்ல. விற்றால் பிள்ளைகளின் கொப்பிக்கும் அதுவே காசு. மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம குளக்கரையில் நான் தூண்டில் போடுகிறேன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கு மண்புழு போதும். நல்ல விலை போகும் விராலோ அசையும் இரையைக் கண்டு பாயும். ஆகவே பொய் இரையின் நிறம் முக்கியம்.

தெளிந்த நீரில்: வெள்ளை நிறம் கட்டுங்கள், சிறுமீன் போலத் தெரியும். ஆழத்தில் சிவப்பு ஒளியே முதலில் மறைவதால், சிவப்பு இரை அங்கே மங்கிவிடும்.

மழையில் கலங்கிய நீரில்: மஞ்சள், செம்மஞ்சள் ஓரளவு தெரியும். சேறாகிவிட்டால் எந்த நிறமும் உதவாது. மணமுள்ள மண்புழுவையே கோர்த்துப் போடுங்கள்.

மாலை மங்கலில்: கறுப்பு. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்து வெளிச்சத்தில் கரிய உருவமே நன்கு புலப்படும்.

கடையில் வாங்கத் தேவையில்லை. கோழி இறகையும் பழைய சேலை நூலையும் தூண்டிலின் கழுத்தில் இறுகக் கட்டி, சிறு ஈயத்துண்டு சேர்த்தால் போதும். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

தூண்டில் போடுமுன் அவ்விடத்து மீனவர் சங்கத்திடம் கேளுங்கள். முதலை இருக்கக்கூடும், நீரில் இறங்காதீர்கள். செந்நிறக் குஞ்சுகளைக் காத்துத் திரியும் விராலை விட்டுவிடுங்கள். அக்குஞ்சுகள் பிழைத்தால்தான் நாளையும் எமது சட்டியில் மீன் இருக்கும்.