உஷார்! ‘இந்த பைத்தான் டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்க தம்பி’

பைத்தான் படிக்கிற பிள்ளைகளே, கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் என்டரைத் தட்டலாம்.

திருநீர்மலையில் ஒரு பையன். பி.எஸ்சி. கடைசி வருஷம். பேர் வேண்டாம், வீட்டார் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் ‘ஹெச்.ஆர்.’ என்று ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஓ.எம்.ஆரில் ஆபீஸ், பைத்தான் வேலை, நல்ல சம்பளம். “முதல் ரவுண்டு சின்ன டெஸ்ட்தான் தம்பி. ஜிப் ஃபைல் அனுப்புறேன். ஓட்டிப் பார்த்து, உள்ள இருக்கிற தப்பைச் சரி பண்ணி அரை மணி நேரத்துல அனுப்பிடுங்க.” பையன் ஓட்டினான். தப்பையும் கண்டுபிடித்து அனுப்பினான். அந்த ஹெச்.ஆரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அவன் இன்ஸ்டாகிராமிலிருந்து, ‘அவசரம், ஜிபே பண்ணு’ என்று நண்பர்களுக்கு மெசேஜ் பறந்தது. இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள். ஜிமெயில் பாஸ்வேர்டு மாறியிருந்தது. வீட்டில் எல்லாரும் புழங்கும் லேப்டாப் அது. அப்பாவின் மெயிலும் அதே குரோமில்தான் திறந்திருந்தது. “ஓடிபி யாருக்கும் சொல்லலையே” என்று அழுதிருக்கிறான். சொல்லவே வேண்டாம்! பிரவுசரில் நீங்கள் லாகின் ஆகியிருக்கும் தடயத்தையே அள்ளிக்கொண்டு போனால், பல இடங்களில் ஓடிபி கேட்காமலே உள்ளே போய்விடலாம்.

ஏதோ ஒரு பையனின் கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் ரிவர்சிங்லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதே தந்திரத்தை வெளியே கொண்டுவந்தது. வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் கும்பலோடு தொடர்புள்ளவர்கள், நிதி நிறுவனங்களின் பேரைச் சொல்லி பைத்தான் டெஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். ஓட்ட 5 நிமிஷம், சரி செய்ய 15 நிமிஷம் என்று கெடு வேறு! உள்ளே இருப்பதை நீங்கள் நிதானமாகப் படித்துவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த அவசரம்.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஃபைல் மட்டுமல்ல, பேக்கேஜை இறக்கும் பிப் இன்ஸ்டாலும் அப்படித்தான். அந்தப் பேக்கேஜ்கள் வரும் பைபிஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து பேக்கேஜ் ஏற்றலாம். ஒவ்வொன்றையும் முன்கூட்டிப் படித்துப் பார்த்து அனுமதிக்க ஆள் கிடையாது. இன்ஸ்டால்தானே, இன்னும் ஓட்டவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். இன்ஸ்டால் ஆகும்போதே அதன் கோடு உங்கள் கணினியில் ஓட முடியும்!

டெர்மினலில் எழுத்துக்கு வண்ணம் தரும் ‘கலரமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஸ்பெல்லிங், அதில் ‘யு’ இல்லை. நம் பள்ளிகளிலோ கலருக்கு ‘யு’ போடாவிட்டால் மார்க் போய்விடும். அந்த ‘யு’வைச் சேர்த்த போலி ஒன்று 2018இல் பிடிபட்டது. பிட்காயின் முகவரியை நீங்கள் காப்பி செய்தால், பேஸ்ட் ஆவது திருடனின் முகவரி. ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற பேக்கேஜுக்கு வந்த போலி இன்னும் மோசம். ஒரு சின்ன ‘எல்’லுக்குப் பதில் பெரிய ‘ஐ’. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளைத் திருடிய அந்தப் போலி, ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கேயே இருந்து 2019 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. 2024 மார்ச் 28 அன்று போலிகள் வந்து குவிந்ததில், பைபிஐ புதுப் பதிவுகளையே சில மணி நேரம் நிறுத்திவைத்தது.

இப்போது ஏஐ வேறு. இல்லாத பேக்கேஜின் பெயரைக்கூட அது அடித்துச் சொல்லும். அதே பெயரில் ஒருவன் முந்திப் பதிந்து வைத்திருந்தால் உங்கள் கதி?

“நான் வென்வ் போட்டிருக்கேன், ஆன்ட்டி” என்று சொல்லும் பிள்ளைகளே, வென்வ் பூட்டு அல்ல! பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குள் ஓடும் திருட்டுக் கோடும் உங்கள் ஃபைல்களைத் தாராளமாகப் படிக்கும்.

இதெல்லாம் தெரிந்தால் உடனே நில்லுங்கள்:

வேலை தருகிறவர் நிமிஷக் கணக்கில் விரட்டுகிறார்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார். இதற்கு மேல் ஒரு பேச்சும் வேண்டாம், பிளாக் செய்யுங்கள்.

கோடுக்குள் ‘எக்ஸெக்’, ‘பேஸ்64’ என்ற சொற்களோடு அர்த்தமில்லாத நீண்ட எழுத்துச் சரம் கிடக்கிறது.

பேக்கேஜ் போன வாரம்தான் ஏற்றப்பட்டது. அதன் விவரப் பக்கம் காலி.

டெலிகிராமில் யாரோ போட்ட கட்டளையை அப்படியே ஒட்டச் சொல்கிறார்கள்.

தெரியாத கோடைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கூகுள் கொலாபில் ஓட்டுங்கள். அது கூகுளின் இயந்திரத்தில் ஓடும். ஆனால் உங்கள் டிரைவை அதோடு இணைத்துவிடாதீர்கள்!

படிப்பதற்கு நல்ல இடமா இல்லை? பைத்தானின் அதிகாரபூர்வ டுடோரியல் இலவசம். சிறுசேரி சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் என்பிடெல்லில் இலவசம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலும் இலவசம். சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமா? ‘சென்னைபை’ கூட்டத்துக்குப் போங்கள். முகம் தெரிந்த மனுஷர்களிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள், கண்ணுகளா. முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். அந்த லேப்டாப்பில் திறந்திருந்த அப்பா, அம்மா கணக்குகளுக்கும் இதே வேலை. பணம் போயிருந்தால் பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அந்த நிமிஷமே போன் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.