ஒரு மேட்ச்கூட ஆடாதவரின் கையெழுத்து 4 லட்சம் டாலரா? பேஸ்பால் ‘ரூக்கி கார்டு’ மோகத்தின் கதை

2024 கிறிஸ்துமஸ். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன், பரிசாக வந்த பேஸ்பால் கார்டு பெட்டியைப் பிரிக்கிறான். உள்ளே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் கையெழுத்துப் போட்ட கார்டு. அறிமுக மேட்ச்சில் அவர் அணிந்திருந்த ஜெர்சியின் பேட்ச்சும் அதில் பதிக்கப்பட்டிருந்தது. உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

அந்தக் கார்டு யாருக்குக் கிடைத்தாலும், எங்களிடம் கொடுத்தால் 30 வருடத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட் தருகிறோம் என்று பைரேட்ஸ் அணி முன்பே அறிவித்திருந்தது. சிறுவனின் குடும்பம் அதை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில் கார்டு ஏலத்துக்குப் போனது. விலை 11.1 லட்சம் டாலர். நம்ம கணக்கில் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்கு மேல். அப்போது ஸ்கீன்ஸுக்கு வயது 22, ஆடியிருந்தது ஒரே ஒரு சீசன்.

ஸ்கீன்ஸ் ஏமாற்றவில்லை. அந்த ஆண்டே லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான ‘சை யங்’ விருதையும் வாங்கிவிட்டார். பிரச்சினை என்னவென்றால், நம் காதுக்கு வருவது இந்த மாதிரிக் கதைகள் மட்டும்தான்.

ரூக்கி கார்டு, அதுக்கும் முன்னாடி ஒரு கார்டு

ஒரு வீரர் மேஜர் லீக்கில் நுழையும்போது வெளியாகும் முதல் கார்டுதான் ‘ரூக்கி கார்டு’. 2006 முதல் இதற்கென்றே ‘ஆர்.சி.’ என்று ஒரு முத்திரை அச்சிடப்படுகிறது. ஆனால் உண்மையான சூதாட்டம் அதற்கும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. டாப்ஸ் நிறுவனத்தின் ‘போமன்’ வரிசையில், இன்னும் மேஜர் லீக் பக்கமே வராத பையன்களுக்கும் கார்டு போடுகிறார்கள். அதில் ‘ஃபர்ஸ்ட்’ என்ற முத்திரையோடு கையெழுத்தும் இருந்தால் மவுசு இன்னும் அதிகம்.

அதே கையெழுத்துக் கார்டு பல நிறங்களில் வரும். தங்க நிறம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியாக ‘சூப்பர்ஃபிராக்டர்’ ஒன்றே ஒன்று. படமும் அதே, கையெழுத்துப் போட்ட ஆளும் அதே. நிறத்துக்குத்தான் காசு!

ஜாஸன் டொமிங்கஸை எடுத்துக்கொள்வோம். டொமினிக்கன் குடியரசுப் பையன். 2019-ல், 16 வயதில், நியூயார்க் யாங்கீஸ் 51 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. பட்டப்பெயர் ‘மார்ஷியன்’, அதாவது செவ்வாய்க் கிரகவாசி. 2020-ல் அவருடைய போமன் கார்டு வந்தது. கொரோனாவால் அந்த ஆண்டு மைனர் லீக் சீசனே ரத்து. ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கார்டு வாங்கிக் குவித்தார்கள். 2021 தொடக்கத்தில் அவருடைய சூப்பர்ஃபிராக்டர் 4 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த நேரத்தில் அவர் மைனர் லீக்கில்கூட ஒரு மேட்ச் ஆடியிருக்கவில்லை.

2023 செப்டம்பர் 1-ல் ஒருவழியாக மேஜர் லீக்குக்கு வந்தார். ஜாம்பவான் ஜஸ்டின் வெர்லாண்டரின் பந்தில், தன் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன். சினிமாவே தோற்றது போங்க. ஆனால் 8 மேட்ச், 4 ஹோம் ரன்களோடு முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 2025-ல் 120 மேட்ச்சுக்கு மேல் ஆடினார். அடித்தது 10 ஹோம் ரன். மோசமில்லை. செவ்வாய்க் கிரகமும் இல்லை.

விலை எப்படி ஏறுது?

புதுக் கார்டு வெளியான முதல் வாரத்தில் சந்தையில் இருப்பது கொஞ்சம்தான். பெட்டிகள் பிரிய வேண்டும், ஆட்கள் விற்பனைக்குப் போட வேண்டும். அதுவரை முதலில் கையில் கிடைத்தவர் சொல்வதுதான் விலை. போதாக்குறைக்கு ‘பிரேக்’ என்றொரு கலாச்சாரம். ஒருவர் நேரலையில் பெட்டி பெட்டியாகப் பிரிப்பார்; பார்ப்பவர்கள் ஆளுக்கு ஓர் அணியைக் காசு கொடுத்து எடுத்திருப்பார்கள்; அந்த அணி வீரரின் கார்டு வந்தால் அவர்களுக்கு. கத்தல், கூச்சல், கவுன்ட் டவுன் எல்லாம் உண்டு. நிதானமாக யோசிக்க மட்டும் நேரம் இருக்காது.

அடுத்து, தரம் போடும் நிறுவனங்கள். பி.எஸ்.ஏ. ஒரு கார்டுக்கு 10-க்கு 10 கொடுத்தால் விலை பல மடங்காகும். ஆனால் இன்று நூறு பேரிடம் இருக்கும் ‘10’, அடுத்த வருடம் ஆயிரம் பேரிடம் இருக்கலாம். ஏனென்றால் எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளையே நிறுத்திவைத்தது. அதே மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடையின் பார்க்கிங்கில் கார்டுக்காக அடிதடி நடந்து, கடைகளில் கார்டு விற்பதையே அந்த நிறுவனம் கொஞ்ச நாள் நிறுத்தியது.

பிறகு அந்த வேகம் தணிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையில் கார்டு இருக்கிறது, அந்த விலை இல்லை.

முதலாமவரும் 25-ஆமவரும்

தெரிந்தே ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பெயர் மைக் ட்ரவுட். 2009 டிராஃப்ட்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்வில், அவர் 25-வதாகத்தான் தேர்வானார். பிறகு மூன்று முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர். அவருடைய 2009 போமன் சூப்பர்ஃபிராக்டரை 2018-ல் ஒருவர் 4 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2020 ஆகஸ்ட்டில் அது 39.36 லட்சம் டாலருக்குப் போனது. இரண்டே வருடம், கிட்டத்தட்ட பத்து மடங்கு. இந்த ஒரு கதை போதும், ஆயிரம் பேர் பர்ஸைத் திறக்க.

அதே டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். தலைமுறைக்கு ஒருவர் என்று கொண்டாடப்பட்டவர். மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசுவதற்கு முன்பே, 2010-ல் அவருடைய சூப்பர்ஃபிராக்டர் ஈபேயில் 16 ஆயிரம் டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்துக்கு அது தலைப்புச் செய்தி. ஜூன் 8 அறிமுக மேட்ச்சில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தபோது, வாங்கியவர்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். செப்டம்பரில் முழங்கை அறுவைச் சிகிச்சை.

அவரைத் தோல்வி என்று சொல்லவே முடியாது. 2019 வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் அவர்தான். அதன்பின் 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். ஆனால் அதற்குப் பிறகு காயங்களால் 8 மேட்ச் மட்டுமே ஆடி, 2024-ல் ஓய்வு பெற்றார். நல்ல வீரர், நல்ல கரியர். ஆனால் 2010-ல் கார்டுக்குக் கொடுத்த விலை நல்ல வீரருக்கானது இல்லை, வரலாற்றிலேயே தலைசிறந்தவருக்கானது. நட்சத்திரமாக ஆனால்கூட நஷ்டம் வரும் என்பதுதான் இந்தச் சந்தையின் விசித்திரம்.

இன்னொரு வேடிக்கை. ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போன மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு அவருடைய ரூக்கி கார்டே கிடையாது. அது 1951 போமன்!

வாங்கியே தீருவேன் என்றால்...

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். வீரர் மேஜர் லீக்குக்கு அழைக்கப்பட்ட செய்தி வந்த அன்று வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பெரும்பாலும் சீசன் முடிந்த குளிர்காலத்தில் விலை இறங்கும்.

கையெழுத்துதான் வேண்டும் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஃபெர்கஸன் ஜென்கின்ஸ் 284 வெற்றி, 3,192 ஸ்ட்ரைக் அவுட், 1971 சை யங் விருது, 1991-ல் ஹால் ஆஃப் ஃபேம் என எல்லாம் பார்த்தவர். இனி அவருக்கு முழங்கை கிழிந்து விலை விழப்போவதில்லை. அவர் கையெழுத்துப் போட்ட சாதாரண கார்டு சில பத்து டாலருக்கே கிடைக்கும்.