தள்ளிவைக்கப்படும் நினைவூட்டல்

விடியற்காலையில் ஒலிக்கும் மணிக்கூட்டைத் தட்டி அடக்கிவிட்டு, மேலும் சில நிமிடம் கண்ணயர்வது பலருக்கும் உள்ள பழக்கம். அதற்கென விசை பொருத்திய மணிக்கூடு ஒன்று அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. விசையை அழுத்தினால் மணியோசை சற்றே ஓயும். முட்களோ ஓடிக்கொண்டே இருக்கும். கணினிப் பதிவேட்டிலே நினைவூட்டலைத் தள்ளிவைக்கும் வசதியை அமைப்போர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

இலங்கையின் தடுப்பூசி அட்டவணைப்படி, சின்னமுத்து முதலிய நோய்களைத் தடுக்கும் ஊசி குழந்தைக்கு 9 மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், 3 வயதில் மறுமுறையும் போடப்படுகிறது. நெடுந்தீவிலுள்ள குழந்தை ஒன்றுக்கு உரிய நாள் யூன் 10 எனக் கொள்க. யாழ்ப்பாணம் சென்றிருந்த தாயும் சேயும் ஊர் திரும்ப வேண்டிய வேளையில் சோளகக் காற்று வலுக்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் கணினித் திரையில் தோன்றிய நினைவூட்டலை மூன்று நாள் தள்ளிவைக்கிறார்.

இப்பொழுது கணினி செய்யவேண்டியது யாது? உரிய நாளை அழித்து யூன் 13 என எழுதிவிட்டால், தாமதம் நேர்ந்த சுவடே மறைந்துவிடும். இவ்வாறு நான்கு முறை தள்ளிவைத்த பின்னரும் ஊசி காலந்தவறாது போடப்பட்டதாகவே பதிவேடு காட்டும். ஆகவே, 'உரிய நாள்', 'மீண்டும் நினைவூட்டும் நாள்', 'ஊசி போட்ட நாள்' என மூன்று கட்டங்கள் தனித்தனியே வேண்டும். தள்ளிவைக்கும்போது இரண்டாவது கட்டம் மட்டுமே மாறும். ஊசி போட்ட நாள் வெறுமையாக இருந்து, மீண்டும் நினைவூட்டும் நாள் வந்தோ கடந்தோ இருப்பின், அப்பெயர் திரையில் தோன்றும்.

கணக்கிடும் முறையிலும் கவனம் தேவை. மூன்று நாளைப் பழைய தேதியோடு கூட்டலாகாது; விசையை அழுத்திய நாளோடு கூட்டவேண்டும். ஒரு வாரம் விடுமுறையில் இருந்தவர் திரும்பிவந்து தள்ளிவைத்தால், பழைய தேதியோடு கூட்டிய நாளும் கடந்துபோனதாகவே இருக்கும். நினைவூட்டல் உடனே மீண்டும் தோன்றும்.

தள்ளிவைத்தவர் யார், எந்நாளில், எக்காரணத்தால் என்பதை வேறோர் அட்டவணையில் வரிசையாகக் குறித்துவருவது நன்று. மூன்றாம் முறை தள்ளிவைக்க முயன்றால், அப்பெயர் சுகாதார வைத்திய அதிகாரியின் பார்வைக்குச் செல்லுமாறு செய்யலாம். கடல் கொந்தளிப்பு எவர் குற்றமுமன்று. ஆயினும் தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் குழந்தையை நோய் காத்திருந்து அணுகுவதில்லை. ஓசை அடங்கினாலும் நாள் எண்ணப்பட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.