ஜெல்லி மிட்டாய்க்கு ஐரோப்பா ஏன் இத்தனை விதி போட்டது?

ஒரு மிட்டாயை அதன் வடிவத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. கட்டைவிரல் பருமனில் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே வழவழவென்று பழ ஜெல்லி. மேலே ஒட்டிய தாளைக் கிழித்துக் கிண்ணத்தை அமுக்கினால் ஜெல்லி மொத்தமும் ஒரே வாயாக உள்ளே போய்விடும். அந்த 'ஒரே வாய்'தான் சிக்கல்.

இந்த ஜெல்லியை இறுக வைத்தது கோன்ஜாக் மாவு. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி உடம்புச் சூட்டில் இளகிவிடும். கோன்ஜாக் ஜெல்லி இளகாது. குழந்தை உறிஞ்சும்போது, பல் படும் முன்பே அது தொண்டையின் பின்பக்கம் போய் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். வழுக்குவதால் விரல் விட்டு எடுப்பதும் கடினம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் இப்படி மூச்சடைத்து இறந்தார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு, 2002 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் கோன்ஜாக் சேர்த்த ஜெல்லி மிட்டாய்களின் விற்பனையையும் இறக்குமதியையும் நிறுத்தியது.

கோன்ஜாக் போனால் என்ன, அதே கிண்ணத்தில் கடற்பாசிப் பொருள்களும் கொத்தவரை விதைப் பிசினும் வந்தன. மூச்சடைப்புக்குக் காரணம் வடிவமும் அளவும் இறுக்கமும் என்பதால் பொருளை மாற்றியதில் ஆபத்து குறையவில்லை. 2004 ஏப்ரலில் ஆணையம் தடையை விரிவாக்கியது. அகார், கராஜீனன், குவார், சாந்தன், பெக்டின் என இறுகவைக்கும் கூட்டுப்பொருள்கள் பலவும் இந்தச் சிறு கிண்ண ஜெல்லிக்கு மட்டும் ஆகாதென்று ஆயிற்று. எச்சரிக்கை அச்சடித்தால் போதாதா என்ற கேள்விக்கும் அந்த முடிவிலேயே பதில் இருக்கிறது: குழந்தைகளைக் காக்க எச்சரிக்கை வாசகம் போதாது. படிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு லேபிளால் என்ன பயன்? இந்த விஷயத்தில் ஐரோப்பா எடுத்த முடிவு முழுக்கச் சரி என்றே நினைக்கிறேன்.

அடுத்தது மிட்டாயின் நிறம். 2007இல் பிரிட்டனின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து அவர்களின் நடத்தையைக் கவனித்தார்கள். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், குவினோலின் யெல்லோ, அலூரா ரெட் ஆகிய ஆறில் ஒன்று இருந்தாலும், 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்று உறையில் அச்சிட்டே ஆக வேண்டும். இவற்றில் முதல் நான்கும் இந்தியாவில் நெடுங்காலமாக அனுமதி பெற்றவை. இன்னும் இரண்டு நிறங்கள் இந்திய மிட்டாயை ஐரோப்பாவில் இறக்கும் வியாபாரிகளின் கண்ணில் எளிதில் படாதவை. இந்தியா அனுமதிக்கும் ஃபாஸ்ட் கிரீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இடமே இல்லை. எரித்ரோசின் என்ற இளஞ்சிவப்புக்கு அங்கே பதப்படுத்திய செர்ரிப் பழத்தில் மட்டுமே இடம், மிட்டாயில் கூடாது. சென்னையில் சட்டப்படி சரியான பச்சை மிட்டாயும் ரோஸ் மிட்டாயும் பாரிஸ் லா சாப்பல் தமிழ்க் கடையில் சட்டவிரோதச் சரக்காகிவிடக்கூடும்.

மிட்டாயின் மேல்பூச்சுக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் கதையும் இதுதான். அது மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொன்னது. 2022இல் தடை வந்து, ஆகஸ்டுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் அதே முடிவை எடுக்கவில்லை. எனவே லண்டன் மொத்தக் கடையில் தாராளமாக வாங்கிய பெட்டியைப் பாரிசுக்கோ பெர்லினுக்கோ கொண்டுபோய் விற்றால் குற்றம். பிரெக்சிட்டுக்குப் பிறகு லண்டன் சரக்கும் வெளிநாட்டுச் சரக்குதான்.

லேபிளில் தவறினாலும் சரக்கு நிற்கும். விற்கும் நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் மூலப்பொருள் பட்டியல் வேண்டும். பால், எள், நிலக்கடலை, சோயா உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்கள் எழுத்திலேயே தனித்துத் தெரிய வேண்டும். ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அதிமதுரம் சேர்ந்த மிட்டாயில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிளைசிரைசினிக் அமிலம் இருந்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவுக்கு மீறித் தின்ன வேண்டாம் என்று எழுத வேண்டும். ஆனால் ஜெலட்டின் மாட்டினுடையதா பன்றியினுடையதா என்று எழுதச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. முஸ்லிம் வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்காரர் அதைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உறையில் தெரியாத ஆபத்தும் உண்டு. 2020இல் இந்திய எள்ளில், ஒன்றியம் உணவில் அனுமதிக்காத எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த எள் சேர்ந்த பண்டங்கள் பலவும் ஐரோப்பியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இப்படி ஒரு நாட்டில் பிடிபட்ட சரக்கைப் பற்றிய தகவல் ஐரோப்பிய எச்சரிக்கை வலையமைப்பு வழியாக மற்ற நாட்டு அதிகாரிகளையும் உடனே எட்டிவிடுகிறது.

இதில் நஷ்டம் யார் தலையில்? 2002இல் வந்த பொது உணவுச் சட்டப்படி, சரக்கை ஒன்றியத்துக்குள் கொண்டுவந்தவரே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு. யாரிடம் வாங்கினார், எந்தக் கடைகளுக்குக் கொடுத்தார் என்று அவர் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ஆபத்து தெரிந்தால் சரக்கைத் திரும்ப எடுத்து அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். 'தயாரித்தவரைக் கேளுங்கள்' என்று கைகழுவ முடியாது. பெரிய நிறுவனங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவே இருக்கும். குடும்பமாக நடத்தும் கடைக்கு ஒரே ஒரு கன்டெய்னர் முடங்கினாலே தாங்காது. அதனால் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, ஒவ்வொரு நிறத்தையும் பிசினையும் ஒன்றியம் அதற்குத் தந்திருக்கும் 'ஈ' எண்ணோடு காட்டும் பட்டியலையும் ஆய்வக அறிக்கையையும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சிறு கிண்ண ஜெல்லி என்றால் பட்டியல்கூடத் தேவையில்லை. அதை வாங்கவே கூடாது.