வாங்குவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள்
காற்பந்துப் பருவம் முடிந்தாலே ரசிகர்கள் ஆளுக்கொரு குழுவை அமைத்து விடுகிறார்கள். யாரை வாங்கலாம் என்றால், பெரும்பாலோர் சொல்வது கோல் போடுபவரின் பெயரைத்தான்.

லிவர்பூலைப் பாருங்கள். 2018 ஜனவரியில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை கூட்டின்ஹோவை பார்சிலோனாவுக்கு விற்றது. அதே மாதம் தற்காப்பு ஆட்டக்காரர் வான் டைக் சேர்ந்தார். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 3-1 எனத் தோல்வி. அதில் இரு கோல்கள் கோல்காவலரின் தவற்றால் விழுந்தவை. அந்த விடுமுறையிலேயே ரோமாவிலிருந்து கோல்காவலர் அலிசன் வந்தார். 2019இல் அதே கிண்ணம். 2020இல், 30 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம்!

பிரிமியர் லீக்கில் 21 வயதைத் தாண்டிய 25 பேரைத்தான் பதியலாம். ஒருவர் வர, ஒருவர் போக வேண்டும். ஆகவே, யாரை அனுப்புவது என்பதையும் துணிந்து சொல்பவரே நல்ல ரசிகர்.